பர்கருக்குச் சால்னா கேட்ட ஊர்

1

முகிலா, நீ போனில் பேசி அனுப்பியதைக் கையில் கரண்டியோடு நின்றுகொண்டே கேட்டேன்.

"பெரியப்பா, பர்கர் அமெரிக்காவுல பிறந்துச்சுன்னு மிஸ் சொன்னாங்க. நான் எந்திரிச்சு, இல்ல மிஸ், எங்க பெரியப்பா ஊர்லதான்னு சொன்னேன். உங்க பெரியப்பா ஊரு உசிலம்பட்டிதானன்னு ஒருத்தி கேட்டா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நீங்களே எழுதி அனுப்புங்க. சும்மா ரெண்டு வரி அனுப்பக் கூடாது. நல்லா எழுதணும்."

நல்லாவே எழுதுகிறேன். உனக்கும் தம்பி சிவாவுக்கும் சேர்த்து எழுதுகிறேன். சிரித்த பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடு.

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். தவறு இருந்தால் மிஸ் திருத்தட்டும். ஆனால் பர்கரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற நகரத்தில், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள் சாப்பிடும் துறைமுகக் கண்டீனில், நாள்தோறும் பர்கர் சுடுகிறவன் நான்.

இங்கே பர்கர் என்றால் மாட்டுக்கறி. நம் வீட்டில் உழவு மாடு வளர்த்த பழக்கம், நான் அதைச் சாப்பிடுவதில்லை. வாயில் வைக்காமல் எப்படிச் சமைப்பாய் என்று கேட்பார்கள். காதால் சமைக்கிறேன். கறித்தட்டையைக் கல்லில் போட்டதும் முதலில் நீர் வற்றுகிற சத்தம் வரும். அப்புறம் கொழுப்பு இளகி, சத்தம் மெலியும். அந்த நொடியில் திருப்பிவிட வேண்டும். உங்கள் அக்கா கயல் சாப்பிடுவாள். அது அவள் விருப்பம். "இன்னைக்கு ஒரு செகண்ட் லேட் அப்பா" என்று குறை சொல்வதும் அவள்தான்.

2

முதலில் ஒன்று. மிஸ்ஸோடு சண்டை போடாதே. மிஸ் சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி.

பழைய காலத்தில் குதிரை வீரர்கள் சேணத்துக்கு அடியில் கறித்துண்டை வைத்து, அதன்மேல் உட்கார்ந்து நாள் முழுக்க ஓட்டி, நசுங்கிய கறியைத் தின்றார்கள், அதிலிருந்துதான் பர்கர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆதாரம் கிடையாது. குதிரை வியர்வையை நினைத்துப் பார்த்தால் நம்பவும் வேண்டாம்.

நம்பக்கூடியது இது. ஹாம்பர்க் பெரிய துறைமுகம். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஏழை சனங்கள் நூறு வருஷத்துக்கும் முன்னால் இங்கிருந்துதான் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். இந்தப் பக்கத்தில் மாட்டுக்கறியைக் கொத்தி, உப்பும் வெங்காயமும் சேர்த்துத் தட்டிச் சமைக்கிற வழக்கம் இருந்தது. போனவர்கள் அதையும் கொண்டுபோனார்கள். நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்கியவர்களுக்கு ஊர் ஞாபகமாக ஏதாவது தின்ன வேண்டுமே. அங்கிருந்த சாப்பாட்டுக் கடைகள் 'ஹாம்பர்க் ஸ்டேக்' என்று பெயர் போட்டு அதை விற்றன. அப்போதெல்லாம் அது தட்டில் வந்தது. கத்தி, முள்கரண்டி வைத்துச் சாப்பிட வேண்டும்.

அதை ரொட்டிக்கு நடுவில் வைத்தது அமெரிக்காவில். சந்தையிலும் பொருட்காட்சியிலும் சுற்றுகிறவனுக்கு உட்கார நேரம் ஏது? தொழிற்சாலை வாசலில் நிற்கிறவனுக்குத் தட்டு ஏது? யாரோ ஒரு கெட்டிக்காரக் கடைக்காரர் கறியை ரொட்டிக்குள் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார். யார் அவர்? அமெரிக்காவில் நாலைந்து ஊர்கள் "எங்கள் ஊர்க்காரர்தான்" என்று இன்னும் மல்லுக்கு நிற்கின்றன. மதுரையில் எந்த ஜிகர்தண்டாக் கடை ஒரிஜினல் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். அதே கதைதான்.

அப்புறம் கறி அரைக்கிற இயந்திரம் வந்தது, கார் வந்தது, காரை நிறுத்தி வாங்கிக்கொண்டு போகிற கடை வந்தது. எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி என்று பெரிய கம்பெனிகள் கிளை பரப்பின. இன்றைக்கு ஜப்பானில் சோயா சாறு தடவித் தருகிறார்கள். நம் நாட்டில் மாட்டுக்கறியே இல்லாமல் உருளைக்கிழங்கை வைத்து விற்கிறார்கள், அதுவும் பர்கர்தான். பர்கரின் முழுப்பெயர் ஹாம்பர்கர். ஆங்கிலத்தில் 'ஹாம்' என்றால் பன்றிக்கறி என்பதால் சிலர் பெயரைப் பார்த்துப் பயப்படுவார்கள். அந்தப் பெயரில் இருப்பது எங்கள் நகரத்தின் பெயர் மட்டும்தான்.

வேடிக்கை என்ன தெரியுமா? ஹாம்பர்க்காரர்களுக்கே பர்கர் அமெரிக்கப் பண்டம்தான். "எங்க ஊர்ச் சாப்பாடு" என்று இங்கே யாரும் அதைக் கொண்டாடுவதில்லை. இவர்களுடைய சொந்தப் பண்டம் வேறொன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன், அதற்கு ஓர் இடம் இருக்கிறது.

3

உசிலம்பட்டியில் இருந்தவரை என்னை யாரும் உசிலம்பட்டிக்காரன் என்று கூப்பிட்டதில்லை. மதுரைக்கு வந்து கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஊரை விட்டுக் கிளம்பினால்தான் ஊர்ப்பெயர் நம்மேல் ஒட்டும். பர்கருக்கும் அதுதான் நடந்தது. ஹாம்பர்க்கிலேயே கிடந்திருந்தால் அது வெறும் கொத்துக்கறி.

எனக்கு இங்கே நடந்தது அதைவிட வேடிக்கை. என் பெயர் தவமணி. பாஸ்போர்ட்டில் பின்னால் என் அப்பா பெயர், பெரியகருப்பன். இங்கே எல்லோரையும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் கண்டீனில் நான் பெரியகருப்பன். உசிலம்பட்டிச் சந்தையைத் தாண்டி அதிகம் போகாத உங்கள் தாத்தாவை ஒரு ஜெர்மன் பெண்மணி தினமும் கத்திக் கூப்பிடுகிறார். "பெரியகருப்பன்! ரெண்டு பர்கர்!"

உங்கள் பெரியம்மா செல்வியையும் கயலையும் இங்கே அழைத்துவர விண்ணப்பம் போட்டபோது அந்த வேடிக்கை வினையானது. அவர்கள் இருவருக்கும் பின்னால் என் பெயர், தவமணி. குடியேற்ற அலுவலகத்தில் இருந்த அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"உங்கள் குடும்பப் பெயர் பெரியகருப்பன். இவர்கள் தவமணி குடும்பம். இவர்கள் உங்களுக்கு என்ன உறவு?"

"தவமணி நான்தான் சார்."

"அது உங்கள் முதல் பெயர்."

"அதுதான் அவர்களுக்குக் கடைசிப் பெயர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு ஒரு சான்று, சான்றுக்கு ஒரு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை என்று இழுத்து, இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கடைசியில் முத்திரை விழுந்த அன்றைக்குச் சந்தோஷத்தில் எழுந்து, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "போயிட்டு வாரேன்" என்றேன். நம் பழக்கம் அல்லவா? வெறுமனே போறேன் என்று சொல்லிவிட்டு எப்படிக் கிளம்புவது? அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, "மறுபடியும் ஏன் வருகிறீர்கள்? எல்லாம் முடிந்துவிட்டதே!" என்றார்.

விமான நிலையத்தில் கயல் வந்து இறங்கியபோது அவளுக்கு நாலு வயது. நான் கையை நீட்டினேன். அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "போன்ல இருக்க அப்பா எங்க?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த அப்பா உள்ளங்கை அளவுதான். எதிரில் நின்ற ஆள் ரொம்பப் பெரியவன். அவள் என் கையைப் பிடித்து நடக்க ஒரு குளிர்காலம் ஆனது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன வருஷம் மதுரை வில்லாபுரத்தில் உங்கள் வீட்டில் நான் இருந்த நாட்களில் இதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

4

ஆடி மாதம். இங்கே பள்ளி விடுமுறை. நாங்கள் மூன்று பேரும் வந்திருந்தோம். உங்கள் அப்பா பாண்டி அப்போது புதிதாகத் தள்ளுவண்டி போட்டிருந்தான். டைல்ஸ் கடை வேலை போன பிறகு, யாரையும் கேட்காமல் தானாகத் துணிந்து போட்ட கடை. சிவப்பு பெயிண்ட், மஞ்சள் எழுத்து, 'முகிலா பர்கர்ஸ்'. மேலே பெரிய சிவப்புக் குடை. ஆடிக்காற்றில் அந்தக் குடையைப் பிடிக்கவே தனியாக ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் அப்பா தலையில் தொப்பி, கையில் பிளாஸ்டிக் உறை என்று விளம்பரத்தில் வருகிற ஆள் மாதிரி நின்றான். பெட்டியில் வருகிற உறைந்த கோழித் தட்டையைப் பொரித்து, பன்னில் வைத்து, வெள்ளையாக மயோனைஸ் பிதுக்கிக் கொடுப்பான். சனங்கள் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். தின்றார்கள். மறுபடி வரவில்லை.

பக்கத்திலேயே ஜமால் பாய் பரோட்டாக் கடை. தெற்குவாசலில் பிறந்து வளர்ந்த ஆள். வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். முதல் நாள் சாயங்காலம் நான் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டோக்காரர் பர்கரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, சால்னா?"

"பர்கருக்குச் சால்னா கிடையாதுண்ணே" என்றான் பாண்டி.

"அப்ப எப்பிடித் தொண்டையில எறங்கும்?"

"இது அப்பிடியே கடிச்சுத் திங்கிறதுண்ணே. உலகம் பூரா இப்பிடித்தான்."

"உலகத்துக்குத் தொண்டை வேற, நமக்கு வேறய்யா" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் நேராகப் பாய் கடைக்குப் போனார். ஒரு வாழை இலைத் துண்டை எடுத்துப் போட்டு, பர்கரை அதில் பிய்த்து வைத்து, வாளியிலிருந்து சால்னாவை ஊற்றிப் பிசைந்து தின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அதையே செய்தார்கள்.

பாய் அங்கிருந்து குரல் கொடுத்தார். "யப்பா பாண்டி மாப்ள! ஒன் கடையில வாங்குறாய்ங்க, என் கடையில நனைக்கிறாய்ங்க. தண்ணிய எடுத்து வச்சா கை கழுவவும் எங்கிட்டதான் வாராய்ங்க. இது எந்த ஊரு நாயம்?"

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அப்பா சிரிக்கவில்லை. அவன் முகம் அந்தப் பெயிண்ட்டைவிடச் சிவந்துபோயிருந்தது. "பட்டிக்காட்டுக் கூட்டம்ணே" என்று என் காதோடு சொன்னான். நானும் அதே பட்டிக்காட்டில் பிறந்தவன் என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

5

அந்த விடுமுறையில் உங்கள் வீட்டில் ஒரு பெரிய விஷயம் முடிவாகாமல் கிடந்தது. உங்களிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது எழுதலாமா என்று உங்கள் அப்பாவிடம் கேட்டேன். "எழுதுண்ணே, பிள்ளைக தெரிஞ்சுக்கட்டும்" என்றான். அதனால் எழுதுகிறேன்.

மறுநாள் மத்தியானம், வண்டி நிற்கிற இடத்தில் நாங்கள் இருவரும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தோம்.

"ஏஜென்ட் போன் பண்ணுனான்ணே" என்று ஆரம்பித்தான். "சார்ஜா பக்கம், கேம்ப் கண்டீன். விசா ரெடி. நீ ஹாம்பர்க் கிளம்புற அன்னைக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லணும். அதுக்கு மேல வேற ஆளப் போட்டுருவாய்ங்க."

"பிள்ளைக?"

"பிள்ளைக இங்கதான். அங்க ஒரு ரூமுக்கு எட்டுப் பேராம். குடும்பத்த எங்க வைக்கிறது?"

"வண்டி?"

"இது ஓடுற மாதிரியா தெரியுது? நீயே பாத்தேல்ல. இன்னும் நாலஞ்சு நாள் பாப்பேன். ஓடுச்சுன்னா இருக்கேன். இல்லைன்னா போறேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "போகாதடா."

அவன் வெடித்துவிட்டான். "நீ சொல்லலாமாண்ணே? நீ போவ, வீடு கட்டுவ, சூட்கேஸ் நிறையச் சாக்லேட்டோட வருவ. நான் போறேன்னா மட்டும் போகாதடாங்கிற. ஊருல கெடந்து சாவட்டும்னு எனக்கு மட்டும் எழுதியிருக்கா?"

நியாயமான கேள்விதான். போனதில் எனக்கு வருத்தம் கிடையாது, பிள்ளைகளே. அந்த வேலைதான் நம் குடும்பத்தை நிமிர்த்தியது. பிழைக்கப் போவது கேவலமும் இல்லை, குற்றமும் இல்லை. அதை நான் எங்கேயும் தைரியமாகச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு நான் அவனிடம் சொன்னது வேறு.

"நான் போனதத் தப்புன்னு சொல்லல. எனக்கு ரெண்டு வருசத்துல பிள்ளையக் கூட்டிட்டு வர ஒரு வழி இருந்துச்சு. அப்பவே எம்மக எனக்குப் பயந்து ஒளிஞ்சா. ஒனக்கு அந்த வழியே இல்ல. சிவாவுக்கு ஏழு வயசு. அவன் மீசை வச்சு நிக்கிறப்பத்தான் ஒழுங்காப் பாப்ப."

பாண்டி நறுக்குவதை நிறுத்தினான். கண்ணைத் துடைத்தான். வெங்காயம்தான் என்று அவன் சொன்னான், நானும் சரி என்றேன்.

"இன்னைக்குக் கல்ல எங்கிட்டக் குடு" என்றேன். "ஹாம்பர்க் பர்கர்னா என்னன்னு வில்லாபுரத்துக்குக் காட்டுறேன்."

6

அன்றைக்குக் கோழியும் பெட்டித் தட்டையும் வேண்டாம் என்று, ஆட்டுக்கறியைக் கொத்தி வாங்கினேன். உப்பு, மிளகு மட்டும். எங்கள் கண்டீன் முறைப்படி, பிசையாமல் மெதுவாகத் தட்டி, சத்தம் கேட்டுத் திருப்பினேன். உங்கள் அப்பாவுக்கு ஒரு பாடமும் எடுத்தேன். "பன்ன ரெண்டாப் பிளந்து, கறி விட்ட கொழுப்புலயே வாட்டணும். வாட்டுறப்ப எவன் கூப்பிட்டாலும் நிமிரக் கூடாது. நிமிந்தா கருகிரும்." வாட்டிய பன் ஓடு மாதிரி இறுகும், கறிச்சாறு இறங்கினாலும் கூழாகாது. எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ஏக நம்பிக்கை.

முதல் பர்கரைச் சாப்பிட்டது நேற்றைய ஆட்டோக்காரர். ஒரு கடி கடித்தார். மென்றார். என்னைப் பார்த்தார்.

"அண்ணே, வீட்டுல யாருக்கும் காச்சலா?"

"ஏண்ணே?"

"இல்ல, பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு."

ஜமால் பாய் பரோட்டாவை அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஜெர்மனிலருந்து வந்த மாஸ்டரு! உப்ப அங்கயே விட்டுட்டு வந்துட்டாரு!"

எனக்குக் காது சூடானது. ஆட்டோக்காரர் விடவில்லை. தட்டை நீட்டினார். "கோவிச்சுக்காதீங்க. கறி பதமா இருக்கு. கொஞ்சூண்டு சால்னா மட்டும் ஊத்துங்க."

"எத்தன தடவ சொல்றது?" என்று பாண்டி பாய்ந்தான். "ஊத்த முடியாது! எங்கயும் ஊத்த மாட்டாய்ங்க! வேணும்னா பரோட்டா தின்னுங்க!"

சாப்பிட வந்த இன்னும் இரண்டு பேர் பின்வாங்கினார்கள். கடை அந்த நிமிஷத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான் கயல் பேசினாள்.

உங்களுக்குத் தெரியும், கயல் அக்கா அங்கே வந்து வாயைத் திறந்தது குறைவு. நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அத்தைமார்கள் கன்னத்தைக் கிள்ளினால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அன்றைக்கும் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

"சித்தப்பா. எங்க ஊர்ல ஊத்துவாங்க."

"என்னம்மா?"

"ரொட்டி வெட்டி, கறி வச்சு, மேல குழம்பு ஊத்துவாங்க. சூடா. அதுக்குப் பேரு இருக்கு. ருண்ட்ஷ்டுக் வார்ம். அது பர்கரோட பாட்டின்னு சொல்றாங்க. இவங்க கேக்குறது தப்பு இல்ல."

நான் கண்டீனில் எத்தனையோ தரம் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். முன்பு சொல்லாமல் வைத்திருந்த ஹாம்பர்க்காரர்களின் சொந்தப் பண்டம் அதுதான். உருண்டை ரொட்டியைப் பிளந்து, சுட்ட கறியை வைத்து, அதன்மேல் சுடச்சுடக் கறிக்குழம்பு. பர்கருக்கு மூத்தது அதுதான் என்று இந்த ஊர்க்காரர்கள் பலர் சொல்வார்கள். பாட்டியோ பெரியம்மாவோ, உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. எனக்கு அது தெரிந்தும் தோன்றவில்லை. கல்லுக்கு முன்னால் நின்றதும் நான் உலகத்துக்குப் பர்கர் சொல்லிக்கொடுக்க வந்தவன் ஆகிவிட்டேன். குழம்பு இல்லாமல் தொண்டையில் ரொட்டி இறங்காத இரண்டு ஊரையும் அன்றைக்குச் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் கயல்தான்.

"எங்க ஊர்ல" என்று அவள் ஹாம்பர்க்கைச் சொன்னது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னது தமிழில், தன் சித்தப்பாவுக்காக. எனக்கு அது போதும்.

பாய் முந்திக்கொண்டார். வாளியோடு வந்துவிட்டார். "பாத்தியா மாப்ள! ஹாம்பர்க்காரனே ஊத்துறான். நம்மூருக்கு என்னடா கேடு? புடி தட்ட!"

வாட்டிய பன்மேல் சால்னா விழுந்தது. பன் ஊறியது, ஆனால் உடையவில்லை. ஆட்டோக்காரர் பிய்த்து, கறியோடு சேர்த்து வாயில் வைத்தார். தட்டை மறுபடி நீட்டினார்.

"எம்புட்டுண்ணே?" என்றார் பாய்.

"ஊத்துங்க பாய், கரை உடையட்டும்."

மறுநாளிலிருந்து உங்கள் அம்மா கறித்தட்டைக்குக் கோலா உருண்டை மசாலாவைப் போட்டார். சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை. பத்தியச் சாப்பாடு என்ற பேச்சு அதோடு போயிற்று. தொப்பியும் கையுறையும் பிளாஸ்டிக் டப்பாவும் போய், வாழை இலை வைத்த தட்டு வந்தது. சால்னா பாய் கடையிலிருந்து, பன் இங்கிருந்து என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து காலேஜ் பையன்கள் பைக்கில் வந்தார்கள். "இன்ஷா அல்லா, இன்னும் கொஞ்ச நாள்ல நான் பரோட்டாவ விட்டுட்டு சால்னா மட்டும் காய்ச்சப்போறேன்" என்றார் பாய்.

மிஸ் கேட்டால் இதைச் சொல், முகிலா. பர்கர் ஏன் உலகம் முழுக்கப் போனது? கம்பெனிகளும் விளம்பரமும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த இன்னொரு காரணம், போன இடத்தில் அது பிடிவாதம் பிடிக்கவில்லை. மாட்டுக்கறி வேண்டாமா, சரி. கறியே வேண்டாமா, அதுவும் சரி. உங்கள் குழம்பை ஊற்றப் போகிறீர்களா, ஊற்றுங்கள். பெயரில் மட்டும் தன் ஊரை விடாமல் வைத்துக்கொண்டது. ஊர்விட்டு ஊர் போனவன் பிழைக்கிற வழியும் இதுதான்.

7

கூட்டம் வந்தது என்பதற்காக உங்கள் அப்பா ஒன்றும் சொல்லிவிடவில்லை. இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. உங்கள் அம்மா என்னிடம், "நீங்களாவது கேளுங்க" என்றார். நான் கேட்கவில்லை. ஒருமுறை போகாதே என்று சொல்லியாகிவிட்டது. இனி அவன் வாயிலிருந்து வர வேண்டும்.

நாங்கள் கிளம்பும் நாள் வந்தது. ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளும் அதுதான். விமான நிலையம் வில்லாபுரத்துக்குப் பக்கம் என்பதால் பாண்டி பைக்கில் எங்கள் காருக்குப் பின்னாலேயே வந்தான்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே போன பிறகும் வாசலிலேயே நிற்பான். விமானம் மேலே ஏறி, கண்ணுக்கு மறைகிறவரை நிற்பான். சென்னையில் இறங்கி போனைத் திறந்தால் அவன் மெசேஜ் கிடக்கும். "பொட்டு மாதிரி ஆகுற வரைக்கும் பாத்தேண்ணே." அந்த மெசேஜ்களை நான் அழித்ததே இல்லை.

அன்றைக்குப் பெட்டிகளை இறக்கி வைத்தான். கயல் தலையைத் தடவினான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏஜென்ட் போன் பண்ணுனானா?"

"காலையில இருந்து பண்றான்."

"என்ன சொன்ன?"

"எங்க எடுக்கிறது? கையெல்லாம் மசாலா."

அதற்குள் அவன் போன் அடித்தது. ஏஜென்ட்தான் என்று நினைத்தேன். அவன் எடுத்துப் பார்த்தான், காதில் வைத்தான். "பாய், சொல்லுங்க... ஆங்... வந்துருச்சா? வெயில்ல எறக்க வேணாம்னு சொல்லுங்க, காஞ்சுரும்... இந்தா வாரேன், வாரேன்." போனைப் பையில் போட்டுக்கொண்டே பைக்கை உதைத்தான்.

"அண்ணே, பன்னு வந்துருச்சு. பேக்கரிக்காரன் தட்டோட ரோட்டுல வச்சுட்டு நிக்கிறானாம். பாய் வேற சால்னாவ எறக்கிட்டாராம். நீ உள்ள போ. வாரேண்ணே. கயலு, வாரேன்டா."

போய்விட்டான். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கயல் என் கையைச் சுரண்டினாள். "அப்பா, சித்தப்பா எப்பவும் நிப்பாங்கல்ல? இன்னைக்கு ஏன் நிக்கல?"

"கடை இருக்குல்லம்மா" என்றேன். பெட்டிகளை உள்ளே தள்ளினேன். செல்வி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

விமானம் ஏறித் திரும்பியபோது ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தேன். திருப்பரங்குன்றத்து மலை தெரிந்தது. வில்லாபுரத்துக் கூரைகள் தெரிந்தன. அதில் சிவப்புக் குடை எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. எந்தக் குடைக்குக் கீழே இருந்தாலும் அவன் என்னைப் பார்க்க நிமிர்ந்திருக்க மாட்டான். பன் வாட்டுகிற நேரம். நிமிரக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.